கட்டையை விடும் நேரம்

அன்புள்ள சார்,

ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் ‘ஹெட் ஹன்டர்ஸ்’ ஆல்பம் கேட்டேன். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸோடு பியானோ வாசித்தவர் எலக்ட்ரிக் கீபோர்டு, ஃபங்க் (தாளம் தூக்கலான ஆட்ட இசை) என்று போனது காசுக்காகத்தானே? இன்னொன்று, அதிலுள்ள ‘கமீலியன்’ பாட்டை என் கீபோர்டில் வாசிக்கிறேன். கிளாவினெட் (தந்தி வைத்த பழைய எலக்ட்ரிக் கீபோர்டு) ஒலி கொழகொழவென்று வருகிறது. ஒலியை நீட்டும் பெடலை மிதித்துப் பார்த்தேன், இன்னும் மோசம். எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?

அன்புள்ள தம்பி,

காசு விவகாரத்தை விடுங்கள். 1968-ல் அவரை எலக்ட்ரிக் பியானோ முன் உட்காரவைத்ததே மைல்ஸ்தான்.

பெடல் மிதித்தீர்களா? அசல் கிளாவினெட்டில் அந்தப் பெடலே கிடையாது! சாஃப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டாம். கோளாறு விரலில் இருக்கிறது. கொஞ்ச நாளாக என் மண்டையைக் குடைவதும் இதுதான்: ஃபங்க் என்றால் எல்லோரும் எப்படி அடிப்பது என்றே கேட்கிறார்கள், எப்போது விடுவது என்று யாரும் கேட்பதில்லை.

1973-ல் வந்த அந்த ஆல்பத்தில் கிட்டார்காரரே இல்லை. ரிதம் கிட்டாரின் வெட்டு வேலையை ஹோனர் டி6 கிளாவினெட் பார்க்கிறது. அதன் வயிற்றுக்குள் 60 கட்டைக்கு 60 தந்தி. கட்டையை அழுத்தினால் அடியிலுள்ள ரப்பர் முனை தந்தியை ஓர் உலோகப் பட்டையோடு சேர்த்து நெரிக்கும், ஒலி எழும். தந்திகளின் ஒரு பக்கத்தில் கம்பளி நூல் பின்னியிருக்கும். கட்டையை விட்டதும் அந்த நூல் ஒலியை விழுங்கிவிடும். ஒலியின் நீளம் முழுக்க உங்கள் கையில். (பழைய கருவிகளில் ரப்பர் பிசினாகி தந்தியில் ஒட்டிக்கொள்ளும், விட்ட கட்டையும் விடாது. 60 முனைகளையும் மாற்றத்தான் வேண்டும்.)

‘கமீலியன்’ தொடக்கத்தில் வரும் பேஸ் வரியோ ஆர்ப் ஒடிஸி சிந்தசைசர். அதில் கட்டையைக் குத்தினாலும் தடவினாலும் ஒரே சத்தம்தான். அப்படியும் அந்த வரி ஆட வைக்கிறது என்றால் எதனால்? ஒவ்வொரு சுரமும் எங்கே அறுபடுகிறது என்பதனால். ஜி, ஏ ஃப்ளாட், ஏ என்று அரையரைச் சுரமாக ஏறி பி ஃப்ளாட்டில் விழும். அடுத்து சி, டி ஃப்ளாட், டி, பிறகு ஈ ஃப்ளாட். இந்த ஏறு சுரங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் கொழகொழப்புதான்.

ஆகவே பெடலைக் கழற்றி வையுங்கள். ரிவெர்ப் (எதிரொலி) அணையுங்கள். ரிலீஸை, அதாவது கட்டையை விட்டபின் ஒலி நீளும் நேரத்தை, பூஜ்யத்துக்கு இறக்குங்கள். மெட்ரோனோம் (தாளக் கருவி) நிமிடத்துக்கு 40, டிக் சத்தத்தை இரண்டாம், நான்காம் தட்டாக எண்ணுங்கள். இடது கையால் அந்த பேஸ் வரி மட்டும். முதல் பத்து நிமிடம் சுரங்களை முழு நீளத்தில் வாசியுங்கள், பிறகு அதே வரியைப் பாதி நீளத்தில். இரண்டையும் ‘மிடி’யில் (கட்டை அழுத்தியதையும் விட்டதையும் கணினியில் பதியும் முறை) பதிந்து திரையில் சுரங்களின் கோடுகளைப் பாருங்கள். பாதி நீளப் பதிவில் ஒரு கோட்டின் வால் அடுத்ததன் தலையைத் தொட்டால் திரும்ப முதலிலிருந்து. வலது கை ஒரு வாரம் மடியிலேயே கிடக்கட்டும்.