பரணில் காத்திருக்கும் புதிய பதிவுகள்: கேள்வி பதில்

வரப்போகிற சாஸ்திரீய இசைப்பதிவுகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள், ரொம்பச் சந்தோஷம். சேலத்தில் வீட்டிலேயே உட்கார்ந்து பழைய டேப், இசைத்தட்டுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுப்பது இருபது வருடத்துக்கும் மேலாக நான் செய்துவரும் வேலை. அந்த அனுபவத்திலிருந்துதான் பதில் சொல்கிறேன்.

ஹஸ்தம்பட்டி வாசகி: அண்ணா, சீக்கிரம் வரவேண்டும் என்று நீங்கள் காத்திருக்கும் பதிவு எது?

மாலி. புல்லாங்குழல் டி.ஆர். மகாலிங்கம் பிறந்தது 1926 நவம்பர் 6, ஆக 2026-ல் அவருக்கு நூற்றாண்டு. இரண்டு மாதம் கழித்து, 2027 ஜனவரி 18-ல், வீணை எஸ். பாலசந்தருக்கு நூறு. நூற்றாண்டு என்று ஒன்று வந்தால்தான் நம்மவர்கள் பீரோவைத் திறந்து டேப்பை வெளியே எடுப்பார்கள். மாலியைப் பொறுத்தவரை கம்பெனி போட்ட தட்டுகளை வைத்து அவரை எடைபோடவே முடியாது, கச்சேரியில் ரசிகர்கள் பிடித்துவைத்த டேப்பில்தான் அந்த மனிதர் முழுசாக இருக்கிறார். ஒரு சங்கதி வாசித்துவிட்டு அப்படியே சும்மா இருப்பார், மிருதங்கம் மட்டும் போய்க்கொண்டிருக்கும், நமக்கு மூச்சு முட்டும், அப்புறம் எங்கிருந்தோ வந்து எடுப்பார். அந்த மௌனத்தை வெட்டிச் சுருக்காமல் யாராவது வெளியிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஏற்காடு, பியானோ படிக்கும் மாணவி: சார், பீத்தோவன் பதிவுகள் புதிதாக ஏதாவது வருமா?

வரும்மா, நிறையவே வரும் என்று நினைக்கிறேன். 2027 மார்ச் 26 அவருடைய இருநூறாவது நினைவு நாள். 2020-ல் வந்த அவருடைய 250-ஆம் பிறந்த ஆண்டுக்கு என்று நாக்ஸோஸ் கம்பெனி 90 சிடி அடங்கிய பெட்டியே போட்டது, ஆனால் அந்த வருடம் கொரோனா வந்து கச்சேரிகள் எல்லாம் நின்றுபோயின. விட்டதை 2027-ல் பிடிப்பார்கள் என்பது என் கணிப்பு. 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்க வெளியீட்டு நாள் வெள்ளிக்கிழமைதான், அதனால் வெள்ளிக்கிழமை காலையில் ஒரு தடவை தேடிப் பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள். பெட்டி பெட்டியாக வாங்க வேண்டாம். நீ இப்போது வாசிக்கும் ஒரே ஒரு சொனாட்டாவை எடுத்து, புதிதாக யார் வாசித்து வெளியிட்டாலும் அதை மட்டும் கேட்டு ஒப்பிட்டுப் பார், அதில் கிடைக்கும் லாபம் பெட்டியில் கிடைக்காது.

அம்மாப்பேட்டை: இளையராஜா சிம்பொனி பதிவைப் பற்றிச் சொல்லுங்கள்.

இந்தக் கேள்வி மட்டும் ஏழு பேரிடமிருந்து வந்தது. 1993-ல் லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ராவை வைத்து அவர் ஒரு சிம்பொனியைப் பதிவு செய்தார். நானும் அந்தக் காலத்தில் கேசட் கடையில் போய்ப் போய் விசாரித்தவன், அது வெளிவரவே இல்லை. பிறகு 2005-ல் புடாபெஸ்ட் இசைக்குழுவோடு திருவாசகம் வந்தது. 2025 மார்ச் 8-ல் அவருடைய ‘வேலியன்ட்’ சிம்பொனி லண்டன் மேடையில் அரங்கேறியது. பதிவான எல்லாமே வெளிவந்துவிடும் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள், இதை 1993 எனக்குக் கற்றுக்கொடுத்தது.

சூரமங்கலம்: மார்கழியில் நேரில் கேட்ட கச்சேரியின் பதிவு வர ஏன் இத்தனை மாதம் ஆகிறது?

சம்மதம் வாங்க வேண்டும். மேடையில் நாலு பேர் இருந்தால் நாலு பேருக்கும் அந்தப் பதிவில் உரிமை உண்டு, பாட்டுக்காரர் சரி என்றாலும் மிருதங்கக்காரருக்கு அன்றைய தனி ஆவர்த்தன மைக் சத்தம் பிடிக்காமல் போகலாம். பொறுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை: பழைய இசைத்தட்டுகளை யார் வேண்டுமானாலும் வெளியிடலாமா? நம்ம ஊர் சேலம் கோதாவரி பாடியது மறுபடி வருமா?

இந்தியச் சட்டப்படி வெளியான ஒலிப்பதிவுக்கு 60 வருடம் காப்புரிமை, வெளியான வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து கணக்கு. அதாவது 1965-ல் வந்த தட்டு 2026 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் பொது. இதனால் ஒவ்வொரு ஜனவரியும் எனக்குத் தீபாவளி மாதிரி. ஆனால் பாட்டை இயற்றியவரின் உரிமை தனி, அவர் காலமான பிறகும் 60 வருடம் ஓடும். தியாகராஜர் கீர்த்தனை என்றால் பிரச்சினை இல்லை. பாபநாசம் சிவன் 1973-ல் காலமானார், அவர் பாடல்களுக்கு 2033 முடியும் வரை உரிமை இருக்கிறது.

கோதாவரி பாடியது கிராமஃபோன் இங்கே புதிதாக வந்த காலத்தில். அப்போது மைக் கிடையாது, மைக் வைத்துப் பதிவது 1925-க்கு அப்புறம்தான். பெரிய கூம்புக்குள் முகத்தை நீட்டிக் கத்திப் பாட வேண்டும், மூன்று மூன்றரை நிமிடத்தில் ஆலாபனை, பாட்டு, ஸ்வரம் எல்லாம் முடிந்தாக வேண்டும். அந்தக் காலத்துத் தட்டுகளுக்குக் காப்புரிமை எப்போதோ தீர்ந்துவிட்டது, தேவை தேய்ந்துபோகாத ஒரு பிரதி, அவ்வளவுதான். உங்கள் பக்கம் பழைய வீடு இடிக்கும்போது கனமான கறுப்புத் தட்டு எது கிடைத்தாலும் எடைக்குப் போட வேண்டாம். எல்பி ஊசியை அதன் மேல் வைக்கவும் வேண்டாம், நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் இந்தத் தட்டுக்கு ஊசி வேறு. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அரக்கு கரைந்து பாட்டே போய்விடும்.

ஃபேர்லண்ட்ஸ்: சீர்செய்து புதிதாக வரும் பழைய கச்சேரிகளில் குரல் கீச்சென்று கேட்கிறதே?

உங்கள் காது சரியாகத்தான் இருக்கிறது. டேப் வேகமாக ஓடியிருக்கும். ஒரு கட்டை சுருதியில் பாடியவர் ஒன்றரைக் கட்டைக்கு ஏறிவிட்டார் என்றால் வேகம் சுமார் 6 சதவீதம் கூடியிருக்கிறது என்று பொருள். சுருதி மட்டும் இல்லை, காலப்பிரமாணமே கெட்டுவிடும், நிதானமாகப் போன பல்லவி ஓடுகிற மாதிரி ஆகிவிடும். இதற்கு ஒரு வழி சொல்கிறேன், எனக்குப் பிடித்த வேலை இது. பழைய பதிவு முழுக்க அடியில் ஒரு ‘ம்ம்ம்’ என்று ரீங்காரம் இருக்கும், சபாவின் மின்சாரம் மைக் வயரில் ஏறியது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பாட்டு இல்லாத இடமாக, தம்பூராவுக்கு முன்னால் யாரோ இருமும் இடமாகப் பார்த்து எடுத்து, கணினியில் அந்த ரீங்காரத்தை அளந்தால், 53 என்று காட்டினால் விஷயம் வெட்டவெளிச்சம். வேகத்தைக் குறைத்து அதை 50-க்குக் கொண்டுவந்தால் பாடகர் தன் சுருதியில் வந்து உட்கார்ந்துவிடுவார், மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பிக்கும் கனம் திரும்பிவிடும். வெளியிடுகிறவர்கள் இரைச்சலைத் துடைக்கிறேன் என்று முதல் வேலையாக இந்த ரீங்காரத்தைத் துடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேகத்தைச் சரிபார்த்த பிறகு துடையுங்கள்.

நால்ரோடு: சிடி வாங்கவா, செயலியில் கேட்கவா?

செயலியில் கேளுங்கள், பிடித்ததைக் காசு கொடுத்து வாங்குங்கள்.

ஏற்காடு நாகலூர், காப்பித் தோட்டத்துக்காரர்: ஐயா, தாத்தாவின் ரீல் டேப்புகள் பங்களாப் பரணில் இருக்கின்றன. பெட்டியில் “குழல், 1961” என்று மட்டும் எழுதியிருக்கிறது. டேப் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பழைய ரீல் மெஷினும் இருக்கிறது, போட்டுப் பார்க்கலாமா?

போடவே போடாதீர்கள். வெள்ளையாக இருப்பது பூஞ்சை, ஏற்காட்டு ஈரத்துக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1998-ல் எனக்கு வந்த ஒரு பைரவி ராக டேப்பை ஆசை தாங்காமல் இப்படித்தான் போட்டேன், டேப்பின் பூச்சு உரிந்து ஹெட்டில் அப்பிக்கொண்டது, ஆலாபனையின் முதல் பாதி போனது போனதுதான். இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

முதலில் ரீலைப் பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் அசிடேட் டேப், மறைத்தால் பாலியெஸ்டர். காடி வாசனை அடித்தால் அசிடேட் கெட ஆரம்பித்துவிட்டது, சீக்கிரம் பிரதி எடுத்தாக வேண்டும். பிசுக்கு டேப்பை இளஞ்சூட்டில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது 70, 80-களில் வந்த சில பாலியெஸ்டர் டேப்புகளுக்கு மட்டும்தான், அசிடேட்டைச் சுட்டால் சுருண்டுபோகும். வெயிலிலும் காயவைக்க வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு நிமிர்த்தி வைத்து, மலையிலிருந்து கீழே கொண்டுவந்துவிடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் டப்பா உருளாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வந்தால் இருவரும் சேர்ந்தே சுத்தம் செய்யலாம்.

அப்புறம், அட்டைப் பெட்டியின் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். அந்தக் காலத்தில் ராகம், பக்கவாத்தியம் எல்லாவற்றையும் பென்சிலில் அங்கேதான் குறித்துவைப்பார்கள். யார் பெயர் இருக்கிறது என்று இன்றைக்கே எனக்கு எழுதிவிடுங்கள்.