எண்ணெய் வளர்த்ததா, முடி தானாக வளர்ந்ததா?

தருமபுரியில் தோல் மருத்துவம் பார்க்கிறேன். இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் மூலிகை எண்ணெயைப் பற்றியவை.

ஆடியில் டெங்கு வந்தது. ஐப்பசியில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பக்கத்து வீட்டு அக்கா காய்ச்சித் தந்த கரிசலாங்கண்ணி எண்ணெயைத் தேய்த்தேன். தை பிறந்ததும் நின்றுவிட்டது. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் டாக்டர்? (பாலக்கோடு வாசகி)

முடி கொட்டுவது நின்றதில் எனக்கும் சந்தோஷம். ஆனால் நீங்கள் சொன்ன மாதங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கடும் காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன் போன்றவை வந்தால் நிறைய முடிகள் ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குப் போய், 2, 3 மாதம் கழித்து உதிரும். அப்புறம் பெரும்பாலும் 6 மாதத்துக்குள் தானாகவே நின்றுவிடும். கொட்டுவது உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் எண்ணெய் தேடிப் போகிறோம். அதன்பின் எதைத் தேய்த்தாலும், எதையும் தேய்க்காவிட்டாலும், குறைகிற காலம்தான்.

ஒரு அம்மா தன் மகளின் முடியைப் பாலிதீன் கவரில் சுருட்டிக் கொண்டுவந்து, “வேரோட வருது பாருங்க” என்று கண் கலங்கினார். ஒரு முடியை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்து, லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். நுனியில் கடுகைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைக் குமிழ். அது வேர் இல்லை, ஓய்வு முடிந்து விழும் முடியின் அடிமுனை. வேர்ப்பை தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது, அடுத்த முடியை அதுவே அனுப்பும்.

சரி, கரிசலாங்கண்ணிக்கு ஆராய்ச்சியே இல்லையா? இருக்கிறது, பெரும்பாலும் எலிகளிடம். முதுகை மழித்துச் சாற்றைத் தடவினால் ரோமம் சீக்கிரம் வந்தது. செம்பருத்திக்கும் அப்படித்தான். 2003இல் சென்னை ஆய்வாளர்கள் வெளியிட்ட எலி ஆய்வில் பூவைவிட இலைச் சாறு நன்றாக வேலை செய்தது. ஆனால் எலிக்கு ரோமம் பகுதி பகுதியாகச் சேர்ந்தே வளரும், சேர்ந்தே ஓயும். நம் தலையில் ஒவ்வொரு முடிக்கும் தனிக் கணக்கு. அதனால் எலியில் கிடைத்த பலன் முதல் படிதான். மேலே ஏற வேண்டுமானால் உங்களைப் போன்ற பாதிப் பேருக்கு இந்த எண்ணெயும், மீதிப் பேருக்கு அதே நிறம், அதே மணத்தில் வெறும் தேங்காயெண்ணெயும் தர வேண்டும். யாருக்கு எது என்பது முடியை எண்ணுகிறவருக்கும் தெரியக் கூடாது.

ரோஸ்மேரி எண்ணெய், முடி வளரத் தடவும் மினாக்சிடில் மருந்துக்குச் சமம் என்கிறார்களே? (ஓசூர் வாசகர், வயது 27)

அந்தப் பேச்சுக்கு மூலம் 2015இல் ஈரான் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு ஆய்வு. பரம்பரை வழுக்கை உள்ள 100 ஆண்கள், பாதிப் பேருக்கு ரோஸ்மேரி, பாதிப் பேருக்கு 2% மினாக்சிடில். 3 மாதத்தில் இரண்டிலும் பெரிய மாற்றமில்லை. 6 மாதத்தில் இரண்டிலும் முடி எண்ணிக்கை கொஞ்சம் கூடியது. மனிதர்களிடம் செய்தார்கள், ஒப்பிட்டார்கள், மதிக்கிறேன். ஆனால் பலனில்லாத வெறும் எண்ணெய் தடவிய மூன்றாவது குழு இல்லை. ஆண்களுக்கு நாங்கள் வழக்கமாக எழுதுவதும் 5% தான். எனவே ‘சமம்’ என்பது பலவீனமான மருந்தோடு, ஒரே ஒரு ஆய்வில். ஆசைப்பட்டால் சில சொட்டுகளைத் தேங்காயெண்ணெயில் கலந்து தடவுங்கள், அப்படியே ஊற்றினால் தோல் எரியும். உங்களுக்கு நெற்றியோரம் ஏறுகிறது என்றால், இதை நம்பி 2 வருடம் காத்திருக்காதீர்கள். இழந்த முடியை மீட்பதைவிட இருப்பதைக் காப்பது எளிது.

சின்ன வெங்காயச் சாறு? (பாப்பிரெட்டிப்பட்டி)

புழுவெட்டுக்கு (வட்ட வட்டமாக முடி கொட்டுவது) மட்டும் ஒரு ஆய்வு உண்டு. 2002இல் பாக்தாத் மருத்துவர்கள் வெளியிட்டது. வெங்காயச் சாறு தடவிய 23 பேரில் 20 பேருக்கு முடி வந்தது, தண்ணீர் தடவிய 15 பேரில் 2 பேருக்குத்தான். வித்தியாசம் பெரிது, அதனால் நான் ஒதுக்கவில்லை. ஆனால் ஆட்கள் குறைவு, யாருக்கு வெங்காயம் என்பதை மூக்கே சொல்லிவிடும், புழுவெட்டு தானாக ஆறுவதும் சகஜம். வழுக்கைக்கு இதை ஆதாரமாகக் காட்ட முடியாது.

போர் தண்ணீரில் ஃப்ளோரைடு இருப்பதால்தான் முடி கொட்டுகிறதா? (காரிமங்கலம்)

தருமபுரி, கிருஷ்ணகிரி என நம் இரண்டு மாவட்டத்திலும் ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுத்தது உண்மை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. முடி உதிர்வுக்கு அதன்மேல் பழி போட ஆதாரமில்லை. உப்புத் தண்ணீரில் முடி சொரசொரப்பாகலாம், ஆனால் 2013இல் கோவையில் சோதித்தபோது இப்படி உப்பு மிகுந்த கடின நீரில் ஊறிய முடியின் வலு குறையவில்லை. தண்ணீரை விட்டுவிட்டு ரத்தசோகை, இரும்புச்சத்து, தைராய்டு மூன்றையும் பாருங்கள்.

ஒகேனக்கல் போனபோது மூலிகை எண்ணெய் வாங்கினேன். அரசு லைசென்ஸ் எண் இருக்கிறது, முன்-பின் படங்களும் இருக்கின்றன. நம்பலாமா? (கிருஷ்ணகிரி)

லைசென்ஸ் எண், தயாரிக்க அனுமதி உண்டு என்று மட்டுமே சொல்கிறது. பழைய சித்த, ஆயுர்வேத நூலில் உள்ள மருந்து என்றால் நூலே போதும், மனிதர்களிடம் பலனைச் சோதித்துக் காட்டச் சொல்வதில்லை. படங்களில் வகிடு, வெளிச்சம், தலையைச் சாய்த்த கோணம் மூன்றும் ஒன்றா என்று பாருங்கள். ஈரத் தலைக்கும் காய்ந்த தலைக்கும் நடுவிலேயே பாதி வழுக்கை மறைந்துவிடும்.

எண்ணெயே வீண் என்று சொல்லவில்லை. தேங்காயெண்ணெய் முடித்தண்டுக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கிறது, முடி உடைவது குறையும். அது தண்டுக்குக் கிடைக்கும் லாபம், வேருக்கு அல்ல.

வாங்கியதைப் பயன்படுத்தத்தான் போகிறீர்கள் என்றால், அரிப்போ கொப்புளமோ வந்தால் உடனே நிறுத்துங்கள். மாதம் ஒரு முறை, அதே ஜன்னல் வெளிச்சம், அதே வகிடு, தலைக்குக் குளித்துக் காய்ந்த மறுநாள் ஒரு படம். முதல் படத்தை மட்டும் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.