ஒற்றைச் சிகரெட்: கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்து ஓய்வுபெற்றவன். பாடசாலைப் பிள்ளைகளின் புகைப்பழக்கம் பற்றிக் கேளுங்கள்.

கொக்குவில் தாய்: பதினொராம் வகுப்பு மகனின் சட்டையில் சிகரெட் மணம். தகப்பன் அறிந்தால் அடிப்பார்.

அடிக்க விடாதீர்கள், தங்கச்சி. அடித்தால் ஒளிப்புத்தான் கூடும். எங்கே வாங்கினான் என்று ஆறுதலாகக் கேளுங்கள். பிள்ளைகள் பெட்டியாக வாங்குவதில்லை. ரியூசன் விட்டதும் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு ஒன்றை வாங்குவார்கள். கடை வாசலில் கனன்றபடி தொங்கும் கயிற்றில் பற்றவைத்து மூன்று பேர் மாறிமாறி இழுப்பார்கள். பெட்டியில் 80 சதவீத இடத்தை அடைத்திருக்கும் எச்சரிக்கைப் படம் அவர்கள் கண்ணிலேயே படாது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது குற்றம். உங்கள் பகுதிப் பரிசோதகரிடம் கடையைச் சொல்லுங்கள்.

மாணவன், நல்லூர்: ஒன்று குடித்தால் பழகிவிடுமா?

புகையிலையில் உள்ள, ஆளை அடிமையாக்கும் நிக்கொற்றின் பத்து விநாடியளவில் மூளைக்குப் போய்விடும். வளர்கிற மூளை அதை விரைவில் பழகிக்கொள்ளும். ஒற்றைச் சிகரெட்டைத் தொடாதே, தம்பி.

சுன்னாகம்: மின்சிகரெட் பரவாயில்லையா?

இலங்கையில் அதன் விற்பனையே தடை. அதிலும் நிக்கொற்றின் உண்டு.

மானிப்பாய்: என் அப்பப்பா சுருட்டுக் குடித்தே தொண்ணூறு வயது இருந்தார். புகையிலைத் தோட்டந்தான் எங்களைப் படிப்பித்தது. அதைப் பழிக்கிறீர்களே?

தோட்டத்தைப் பழிக்கவில்லை. செம்மண்ணில் கிணற்று நீர் இறைத்துப் புகையிலை வளர்த்தவர்களின் உழைப்பை அறிவேன். என் வீட்டிலும் அந்தக் காசில்தான் அடுப்பு எரிந்தது. ஆனால் ஈர இலை முறிக்கும்போது தலைசுற்றி வாந்தி எடுத்தவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தோலால் ஏறிய நிக்கொற்றின் அது. சுருட்டுப் புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாயின் உட்தோல் அதை உறிஞ்சும். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். அப்பப்பா தப்பினார், அவரோடு திண்ணையில் இருந்து சுருட்டுக் குடித்த மற்றவர்கள் எத்தனை வயதில் போனார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

மானிப்பாய், மறுபடி: அப்படியானால் தோட்டக்காரர் எதை நடுவது?

நியாயமான கேள்வி. வெங்காயம், மிளகாய் என்று சொல்வது எளிது. விலை விழும் ஆண்டில் யார் தாங்குவது? அதற்கு வழி செய்யாமல் தோட்டக்காரரைக் குற்றவாளி ஆக்குவதை நானும் ஏற்கமாட்டேன். அதற்காகப் பிள்ளையின் வாயில் சுருட்டை வைக்க முடியாது.

கோப்பாய்: எப்போதாவது ஒன்று குடிக்கலாமா?

நல்லூர்த் தம்பிக்கு எழுதியதைப் படியுங்கள்.

சாவகச்சேரி: மகனுக்கு ஒரு மாதமாக இருமல். என்ன மருந்து?

வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள், இன்றைக்கே.

மாணவன், உயர்தரம்: விட நினைக்கிறேன், ஐயா. முடியவில்லை.

முதல் மூன்று நாள்தான் கடுமை. எரிச்சல் வரும், நித்திரை குழம்பும். ஆசை எழும்பினால் சில நிமிடங்களில் அடங்கும். அதுவரை தண்ணீர் குடி, நட. வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவை. ரியூசன் விட்டதும் அந்தக் கடை இல்லாத ஒழுங்கையால் வீட்டுக்குப் போ. மூன்றாம் நாள் எனக்கு எழுது, தம்பி, பார்த்துக்கொண்டிருப்பேன்.