பொன்டோர்மோவின் நாட்குறிப்பில் பெரும்பாலும் சாப்பாட்டுக் கணக்குதானே இருக்கிறது, அதனால் கலை வரலாற்றுக்கு என்ன பயன்?

இந்தக் கேள்வி எழுவது இயல்பே. ஃபிளாரன்ஸ் ஓவியர் ஜாகோபோ பொன்டோர்மோ 1554 முதல் 1556 வரை எழுதிய அந்தச் சிறு குறிப்பேட்டில் எத்தனை அவுன்ஸ் ரொட்டி, எத்தனை முட்டை, வயிற்றின் நிலை என்ன என்பவையே திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் அவற்றுக்கு நடுவே, அன்று ஒரு தலையை முடித்தேன், ஒரு கையை வரைந்தேன் என்ற வரிகளும், ஓரத்தில் அந்த உருவத்தின் சிறு கோட்டுப்படமும் இருக்கின்றன. என் பார்வையில் ஏட்டின் உயிரே அங்குதான் உள்ளது.

சுவரோவியத்தில் ஈரச் சாந்து காய்வதற்குள் வண்ணம் தீட்டியாக வேண்டும் என்பதால், ஒரு நாளில் முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே சாந்து பூசுவார்கள். எனவே, சான் லோரென்சோ தேவாலயத்தில் அவர் வரைந்த சுவர் எந்த வேகத்தில், எந்த வரிசையில் வளர்ந்தது என்பதை நாள்வாரியாகக் காட்டும் சான்றாக இந்த ஏடு அமைகிறது. அந்த ஓவியங்கள் 18ஆம் நூற்றாண்டில் அழிக்கப்பட்டுவிட்டன. இன்று நம்மிடம் எஞ்சியிருப்பவை அவற்றுக்கான சில முன்வரைவுகளும் இக்குறிப்புகளும்தாம்.

சக கலைஞர்களுடனான உறவும் இதில் பதிவாகியுள்ளது. அவருடைய மாணவரான பிரொன்சீனோவுடன் உண்ட உணவுகள் அடிக்கடி வருகின்றன. 1557ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆசிரியர் மறைந்தபின், முற்றுப்பெறாத அச்சுவரை முடித்துக்கொடுத்தவரும் அதே பிரொன்சீனோதான்.