கேஷ், நம் காசுதானா?

கேள்வி: ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள், ‘ஆங்கிலத்தின் கேஷ் தமிழ்க் காசிலிருந்து வந்தது’ என்று பேச்சுப் போட்டியில் பேசப் போகிறாள். வாட்ஸ்அப்பில் வந்த தகவல். சரிதானா?

பதில்: அப்படியே பேச வேண்டாம். ஒரு சின்னத் திருத்தம் போதும்.

ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் உண்டு. எழுத்தும் ஒலியும் ஒன்றுதான், பிறந்த வீடு வேறு. கடையில் ‘கேஷா, கார்டா?’ என்கிறார்களே, அந்தக் கேஷ் நம்முடையது அல்ல. லத்தீனில் காப்சா என்றால் பெட்டி. அது இத்தாலியில் காஸ்ஸா ஆகி, பிரெஞ்சிலும் புழங்கி, 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தது. அப்போது பணப்பெட்டி என்றும் அதற்குப் பொருள் இருந்தது. போகப்போகப் பெட்டியை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் பணத்தை மட்டும் குறிக்கத் தொடங்கியது. ‘இன்னைக்கு கல்லா எவ்வளவு?’ என்று நம் கடைக்காரர் கேட்பது பெட்டியையா, பணத்தையா? அதே கதைதான்.

இன்னொரு கேஷ் இருக்கிறது. அது சந்தேகமில்லாமல் நம் காசு. போர்த்துகீசியர் வாயில் அது காய்ஷா ஆனது (பெட்டிக்கும் அவர்கள் மொழியில் அதே சொல்தான்). அங்கிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு, தென்னிந்தியச் சில்லறைக் காசுக்கும், நடுவில் சதுரத் துளை போட்ட சீனச் செப்புக் காசுக்கும் கேஷ் என்றே பெயர் வைத்தார்கள். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்கில் 80 கேஷ் ஒரு ஃபனம், 42 ஃபனம் ஒரு வராகன். ஃபனம் வேறொன்றுமில்லை, நம் பணம்தான்!

1808-இல் சென்னைக்காக இங்கிலாந்தின் பர்மிங்காமில் அடித்த செப்புக் காசைப் பார்த்தால் மனம் நிறைந்துவிடும். ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழே ரோமன் எண்ணில் 20, பக்கத்தில் கேஷ். இந்தக் காசுகளை ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரமே மூழ்கியது. பிற்பாடு கடலுக்கடியிலிருந்து எடுத்த காசுகள் இன்றும் நாணயம் சேர்ப்பவர்களிடம் கிடைக்கின்றன. படத்தையாவது அச்செடுத்து மகள் கையில் கொடுங்கள்.

மேடையில் இப்படிச் சொல்லட்டும்: “ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள். ஒன்று பெட்டியிலிருந்து வந்தது, மற்றொன்று நம் காசிலிருந்து வந்தது.” நடுவர் மேலும் கேட்டால் கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் மூன்றையும் சொல்லலாம். ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்கள் என்று அகராதிகளே ஒப்புக்கொண்டவை அவை.