கணினிக் கேள்வி பதில்: கால் இழந்த பெயர்களும் காலியான காப்புக் கோப்பும்

கேள்வி: துணைப்பாட நிலையத்தின் மாணவர் பட்டியலில் நீளமான பெயர்களைச் சுருக்க, பிஎச்பி நிரல்மொழியில் சொல்லை வெட்டும் ‘சப்ஸ்டர்’ வைத்து ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதியிருக்கிறேன். ஆங்கிலப் பெயர்கள் சரியாக வருகின்றன. தமிழ்ப் பெயர்களின் கடைசியில் கேள்விக்குறிக் கட்டம் விழுகிறது. செயலிக்குப் போகும் ஜேசன் வடிவத் தரவும் சில நாள் காலியாக வருகிறது. (ஈசூன் வாசகர்)

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். ‘சப்ஸ்டர்’ எண்ணுவது பைட்டை, எழுத்தை அல்ல. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ‘மீனாட்சி’ மொத்தம் 24 பைட். 10இல் வெட்டினால் நாலாவது குறியின் முதல் பைட் மட்டும் தொங்கி நிற்கும். அப்படி உடைந்த ஒரே பைட் இருந்தாலும் தரவை ஜேசனாக மாற்றும் ‘ஜேசன்_என்கோட்’ எதையும் அனுப்பாமல் ‘ஃபால்ஸ்’ என்று திருப்பிவிடும். பட்டியலில் ஒரு பெயர் கெட்டால் பட்டியலே காலி.

பலரும் பைட்டுக்குப் பதில் குறிகளை எண்ணும் ‘எம்பி_சப்ஸ்டர்’ போட்டால் தீர்ந்தது என்பார்கள். கேள்விக்குறிக் கட்டம் போகும், பெயர் பிழைக்காது. அது உயிர்மெய்யின் துணைக்குறியையும் தனியாக எண்ணுகிறது; 3 என்று கேட்டால் ‘மீன’ என்று கால் இல்லாமல் வரும். தமிழுக்கு ஏற்றது ‘கிராஃபீம்_சப்ஸ்டர்’. அதன் கணக்கில் மீ, னா, ட், சி என்று நான்கே எழுத்து. ‘ஸ்ரீ’யை மட்டும் அது ஸ், ரீ என்று இரண்டாகப் பிரிக்கும், பட்டியலுக்கு அது பெரிய குறையில்லை. இதற்கு பிஎச்பியின் ‘இன்ட்ல்’ (intl) நீட்சி வேண்டும். ‘பிஎச்பி -எம்’ கொடுத்து அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நிறுவிய பிறகு சர்வரில் பிஎச்பியை ஓட்டும் எஃப்பிஎம்மை மறுபடி இயக்க மறக்காதீர்கள்.

அதே நீட்சியில் ‘நார்மலைசர்’ இருக்கிறது. ‘கொ’வை ஒரே துணைக்குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு ஒன்று கால் ஒன்று என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் கிடைக்காது. பெயரைத் தரவுத்தளத்தில் போடும் முன்பே, அதைக் கொண்டு ஒரே துணைக்குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: இரவு 2 மணிக்கு மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் காப்பு எடுக்கும் ஷெல் ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் வேலையை இயக்கும் கிரானில் ஓடுகிறது. கோப்பு தினமும் வருகிறது, பிழைச் செய்தி இல்லை. திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை! (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: அளவைப் பாருங்கள், 20 பைட் அளவில்தான் இருக்கும். வெறுமையை ஜிசிப் சுருக்கினால் அவ்வளவுதான் வரும். காப்பு எடுக்கும் ‘மைஎஸ்கியூஎல்டம்ப்’ கட்டளை கடவுச்சொல் பிழையால் தோற்றிருக்கும். ஆனால் ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குத் தரும் பைப்பில் கடைசியாக நிற்கும் ஜிசிப்பின் முடிவைத்தான் ஷெல் பார்க்கிறது, அது வெற்றி. ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷ் என்று குறித்து, அடுத்த வரியில் ‘செட் -இ -ஓ பைப்ஃபெயில்’ போடுங்கள்; பைப்பில் எது தோற்றாலும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதாக முடிந்த பிறகே ‘எம்வி’ கொண்டு உண்மைப் பெயருக்கு மாற்றினால், நேற்றைய நல்ல காப்பை இன்றைய வெற்றுக் கோப்பு அழிக்காது. மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி வகை அட்டவணைகளுக்கு, எல்லாவற்றையும் ஒரே நேரத்து நிலையில் காப்பெடுக்க ‘சிங்கிள்-டிரான்சாக்ஷன்’ சேர்த்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் எழுதாமல், உரிமையாளர் மட்டுமே படித்து எழுதக்கூடிய 600 அனுமதி கொடுத்த தனிக் கோப்பில் வையுங்கள்.

தேதியோடு பெயர் வைக்கும் கட்டளையை நேரே கிரானின் வேலைப் பட்டியலான கிரான்டேபில் எழுதினால், சதவீதக் குறியைக் கிரான் வரி முறிவாக எடுத்துக்கொள்ளும். அதற்கு முன் பின்சாய்கோடு வேண்டும், அல்லது அதை ஸ்கிரிப்டுக்குள் தள்ளிவிடுங்கள். சர்வர் உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடினால் நம் சிங்கப்பூர் இரவு 2 மணி அதற்கு முந்தைய நாள் மாலை 6 மணி; கோப்புப் பெயரிலும் முந்தைய நாள் தேதிதான் விழும். மாதம் ஒருமுறையாவது காப்பை வேறு தரவுத்தளத்தில் ஏற்றிப் பாருங்கள்.

கேள்வி: சாப்பாட்டுக் கடை ஆர்டர் பக்கத்துக்குப் பொருள் சேவை வரி கணக்கிடும் ஃபங்ஷன் வேண்டும். (செங்காங் வாசகர்)

பதில்: எல்லாவற்றையும் காசில், முழு எண்ணாக வையுங்கள். 20 வெள்ளிச் சாப்பாட்டுக்கு 10% சேவைக் கட்டணம் 2 வெள்ளி; 9% வரி 22 வெள்ளிக்கு, 1.98. மொத்தம் 23.98. வரி சேர்ந்த விலையிலிருந்து பிரிக்கும்போது 9ஆல் பெருக்கி 109ஆல் வகுக்க வேண்டும்: 12.90இல் வரி 1.07. நேரே 9% எடுத்தால் 1.16 என்று தவறாக வரும். 9 என்ற எண்ணை ஃபங்ஷனுக்குள் எழுதாதீர்கள். 2023இல் 8%, 2024 ஜனவரி 1 முதல் 9%. தேதியோடு ஓர் அட்டவணையில் வைத்தால்தான் 2023 பில்லுக்குப் பணம் திருப்பும்போது பழைய விகிதம் கிடைக்கும்.