"ஜெபித்துக்கொண்டே இருக்கிறேன், அக்கா"

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: அக்கா, கணக்குப் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். முழுநேர ஊழியத்துக்குப் போக வேண்டும் என்று மூன்று வருடமாகப் பாரம். ஜெபித்துக்கொண்டே இருக்கிறேன். ஆனால் ராஜினாமாக் கடிதம் எழுத உட்கார்ந்தால் கை நடுங்குகிறது. "பயம் இருந்தால் விசுவாசம் இல்லை என்று அர்த்தம்" என்கிறார் ஜெபக்குழு நண்பர். மனைவிக்குப் பாதி மனதுதான். "அவர்கள் சம்மதத்துக்குக் காத்திருந்தால் நீ போனபாடில்லை" என்றும் அதே நண்பர் சொல்கிறார். இருதயத்தை ஆயத்தப்படுத்துவது என்றால் என்ன? ஆயத்தம் போதும் என்று எப்படித் தெரியும்?
(பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர்)

பதில்: தம்பி, 'ஜெபித்துக்கொண்டே இருக்கிறேன்' என்ற வரியில் என் கண் நின்றுவிட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்த வரி அது. நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த ஏழாம் வருடம், ஒரு மிஷன் மருத்துவமனையில் ஆள் இல்லை, வருகிறாயா என்று ஒருவர் கேட்டார். ஜெபித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டு வருடம் இதையே சொன்னேன். உண்மையில் நான் ஜெபித்தது முதல் வாரம் மட்டும்தான். மாட்டேன் என்று சொல்ல வாய் வராதபோது, ஜெபத்தை நடுவில் வைத்து அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஒரு கட்டத்தில் அவர் கேட்பதையே விட்டுவிட்டார். என்னைவிட இளையவள் ஒருத்தி போனாள். அதனால் இந்தப் பதிலை ஒரு வெற்றிச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பாபிலோனிலிருந்து எருசலேமுக்குப் போன வேதபாரகர் எஸ்றாவைப் பற்றிய எஸ்றா 7:10ஐத் திறந்து வையுங்கள். "கர்த்தருடைய வேதத்தை ஆராயவும், அதின்படி செய்யவும், இஸ்ரவேலிலே கட்டளைகளையும் நீதிநியாயங்களையும் உபதேசிக்கவும், எஸ்றா தன் இருதயத்தைப் பக்குவப்படுத்தியிருந்தான்." வரிசையைக் கவனியுங்கள். ஊழியம் என்றதும் நம் கண் நேராக உபதேசத்துக்கு ஓடும். அதுவோ கடைசியில் நிற்கிறது. நடுவில் 'அதின்படி செய்ய' என்று இருக்கிறதே, அந்த இடத்தில்தான் நம்மில் பலர் தாண்டிக் குதிக்கிறோம். வேலையை விட்டபின் செய்ய நினைப்பவற்றில் எதையாவது இப்போதே, மாலை நேரத்திலோ விடுமுறையிலோ, யாரும் பாராட்டாமல் செய்து வருகிறீர்களா? ஒன்றும் இல்லையென்றால் ராஜினாமாவை ஒத்திப்போடுங்கள்.

எட்டாம் அதிகாரம் கணக்கர்களுக்கென்றே எழுதியது போல இருக்கும். எருசலேமுக்குப் போகிறவர்களை எஸ்றா அகாவா ஆற்றங்கரையில் கூட்டி மூன்று நாள் தங்க வைக்கிறார். ஆட்களைப் பார்வையிடும்போது ஆலயப் பணிக்கு வேண்டிய லேவியர் ஒருவர்கூட இல்லை. போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் புறப்படவில்லை. ஆள் அனுப்பி வரவழைக்கிறார். முப்பத்தெட்டுப் பேர் வந்து சேர்கிறார்கள். பிறகு உபவாசம். பிறகு 650 தாலந்து வெள்ளி, 100 தாலந்து பொன், பணிமுட்டுகள் எல்லாவற்றையும் நிறுத்து ஆசாரியர் கையில் ஒப்படைக்கிறார். நான்கு மாதப் பயணம் முடிந்து எருசலேமில் மறுபடி நிறுக்கிறார்கள். மொத்தம் எழுதி வைக்கப்படுகிறது. உபவாசத்துக்கும் தராசுக்கும் ஒரே அதிகாரத்தில் இடம் இருக்கிறது. விசுவாசம் உள்ளவன் கணக்குப் பார்க்கமாட்டான் என்று யாராவது சொன்னால் இந்த அதிகாரத்தைக் காட்டுங்கள். வழித்துணைக்கு அரசனிடம் படைவீரரைக் கேட்க எஸ்றாவுக்கு வெட்கம். தேவனுடைய கரத்தைப் பற்றி ஏற்கெனவே பேசிவிட்டாரே! அதே அர்தசஷ்டா அரசனின் இருபதாம் வருடத்தில், அதாவது எஸ்றாவுக்குப் பதின்மூன்று வருடம் பின்னால், அதே எருசலேமுக்கு நெகேமியா போகிறார். சேனாபதிகளும் குதிரைவீரரும் கூடவே போகிறார்கள். அவருக்கு வெட்கமில்லை. இருவரில் யாருக்கு விசுவாசம் குறைவு? ஆகவே சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு புறப்படுகிறவனைப் பார்த்து உங்கள் நண்பர் சிரிக்க வேண்டியதில்லை.

பயத்துக்கும் அதே நெகேமியாவைப் பாருங்கள். முகவாட்டத்துக்குக் காரணம் என்ன என்று அரசன் கேட்டதும் மிகவும் பயந்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். பயத்தோடுதான் வாயைத் திறந்தார். உங்கள் கை நடுங்குவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எதற்காக நடுங்குகிறது என்று நீங்கள் எழுதாததுதான் கவலை. சம்பளம் நிற்கும் என்றா? போய்த் தோற்றுத் திரும்பினால் சிரிப்பார்கள் என்றா? இல்லை, உள்ளுக்குள் எங்கோ, 'எனக்கு இந்த அலுவலகம் சலித்துவிட்டது, அதற்கு ஊழியம் என்று பெயர் வைத்திருக்கிறேன்' என்று ஒரு குரலா? கடைசியதைக் கேட்டதற்குக் கோபப்படாதீர்கள். அலுவலகச் சலிப்பும் ஊழியப் பாரமும் ஆரம்பத்தில் ஒரே மாதிரிதான் கனக்கும். நல்ல மேலதிகாரி வந்து, சம்பளமும் கூடினால் இந்தப் பாரம் இருக்குமா? இதைத் தாளில் எழுதிப் பதில் எழுதுங்கள்.

மனைவி விஷயத்தில் உங்கள் நண்பரின் ஆலோசனை எனக்குப் பிடிக்கவில்லை. மிஷனரி வில்லியம் கேரியைப் பற்றிப் பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருப்பீர்கள். செருப்புத் தைத்துக்கொண்டே மொழிகள் கற்றவர், 1793இல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவர். அவர் மனைவி டாரதி முதலில் மறுத்துவிட்டார், அப்போது கர்ப்பிணி வேறு. முதலில் ஏறிய கப்பலில் பயணம் தடைப்பட்டுக் கேரி திரும்பி வந்தபோது, மறுபடி கேட்டு, தங்கையும் கூட வந்தால் வருகிறேன் என்று டாரதி அவசர அவசரமாகப் புறப்பட்டார். அடுத்த வருடமே ஐந்து வயது மகன் பீட்டர் நோயில் இறந்தான். டாரதியின் மனநிலை குலைந்தது. 1807இல் இறக்கும்வரை தேறவில்லை. அந்த அவசரம்தான் காரணம் என்று சொல்ல நான் யார்? ஆனால் கேரியின் வேலையை நினைக்கும்போதெல்லாம் அந்த அம்மாவும் என் நினைவில் வருவார். உங்கள் மனைவியிடம் சம்மதம் கேட்காதீர்கள் தம்பி. "உனக்கு எது பயமாக இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு வசனம் சொல்லாமல் உட்காருங்கள். ஊழியக்காரனுக்கு அதுதான் கடினமான பயிற்சி.

ஆயத்தம் போதும் என்று எப்போது தெரியும்? முழுதாகத் தெரியாது. இஸ்ரவேலர் யோர்தான் நதியைக் கடந்தபோது, அது கரைபுரண்டு ஓடிய காலத்தில், ஆசாரியரின் கால் ஓரத்துத் தண்ணீரில் பட்ட பிறகே தண்ணீர் நின்றது. இதை எல்லாரும் சொல்வார்கள். அதற்கு முன்னால் பயணத்துக்கு உணவு ஆயத்தப்படுத்த மூன்று நாள் கொடுத்ததை யாரும் சொல்வதில்லை. உங்கள் ஓரத்துத் தண்ணீர் ராஜினாமாக் கடிதமாக இருக்க வேண்டியதில்லை. சம்பளமில்லா விடுப்பு மூன்று மாதம் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்தால், போக நினைக்கும் வேலையில் அந்த மூன்று மாதமும் இருந்து பாருங்கள். போதகரிடம் இப்போதே தேதியோடு சொல்லிவிடுங்கள். தேதி வந்தபின் இது என் வழி இல்லை என்று தெரிந்தால் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கேள்வி: புறப்படுவதற்கு முன் கிதியோனைப் போல ஆண்டவரிடம் அடையாளம் கேட்கலாமா?

பதில்: கிதியோன் அடையாளம் கேட்டு ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டது (நியாயாதிபதிகள் 6) வழி தெரியாமல் அல்ல. போ என்ற கட்டளை அதே அதிகாரத்தில் முன்னாலேயே வந்துவிட்டது. "நீர் சொன்னபடி" என்று அவரே சொல்லித்தான் அடையாளம் கேட்கிறார், அதுவும் இரண்டு முறை. ஆண்டவர் பொறுத்துக்கொண்டார். கேளுங்கள், தடையில்லை. ஆனால் அடுத்த அதிகாரத்தில் அவருடைய 32,000 பேர் 300 ஆனதையும் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவின் சொத்தைப் பிரித்ததில் அண்ணனுக்கும் எனக்கும் பேச்சு நின்று ஆறு வருடம். இரவு ஜெபத்தில் தினமும் மன்னிக்கிறேன், காலையில் மறுபடி கசக்கிறது. முழுதாக மன்னித்த பிறகு போன் செய்யலாம் என்று இருக்கிறேன். சரிதானே அக்கா?

பதில்: சரியில்லை, தங்கச்சி. ஊழியத்துக்குப் போவதைவிட இது பெரிய பயணம், அதனால் உங்கள் தயக்கம் புரிகிறது. ஆனால் மத்தேயு 5:23, 24ஐப் பாருங்கள். காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முன்பு போய் ஒப்புரவாகு என்றுதான் இருக்கிறது. கசப்பெல்லாம் வடிந்த பிறகு போ என்று இல்லை. சில கசப்பு நடந்தால்தான் குறையும், உட்கார்ந்திருந்தால் ஊறும்.

என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்து வைத்திருப்பீர்கள். இயேசு சொன்ன உவமையில், வீட்டை விட்டுப் போய்த் திரும்பிய இளைய குமாரனும் பார்த்தான். கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என்பதுவரை மனப்பாடம். அப்பாவின் முன்னால் அந்தக் கடைசி வரிக்கு வாய்ப்பே வரவில்லை. உங்கள் ஒத்திகையும் பாதியில் நிற்கலாம், நல்லபடியாகவோ கெட்டபடியாகவோ. அண்ணன் போனை வைத்துவிடவும் கூடும். எல்லாரோடும் சமாதானமாயிருங்கள் என்று சொல்லும்போது பவுல் 'கூடுமானால்' என்றும் 'உங்களாலானமட்டும்' என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறார். அவர் பங்கை நீங்கள் சுமக்க வேண்டாம்.

முதல் பேச்சில் சொத்தை எடுக்காதீர்கள். யார் செய்தது தவறு என்பதையும் எடுக்காதீர்கள். "அண்ணா, நான்தான். எப்படி இருக்கீங்க?" போதும். அவர் எடுக்காவிட்டால் உடனே மறுபடி அழைக்க வேண்டாம். அவர் திரையில் உங்கள் பெயர் இருக்கும். இரண்டு நாள் விடுங்கள்.